பெர்லினில் கிடைத்த படப்பெட்டி

இந்தியத் திரையில் தன்பால் காதல் எப்போது வந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் 1996 என்பார்கள். தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ வந்த ஆண்டு அது. 1998 டிசம்பரில் அந்தப் படம் ஓடிய மும்பை, தில்லி தியேட்டர்களை அடித்து நொறுக்கியவர்களும் ஒரு வகையில் அதைத்தான் சொன்னார்கள்: இது இந்த மண்ணில் இல்லாத சங்கதி, வெளியிலிருந்து வந்தது. அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பழைய படப் பட்டியல்களைப் புரட்டத் தொடங்கினேன். 1971-க்கு வந்ததும் ஒரு பெயரில் கண் நின்றது: ‘பத்நாம் பஸ்தி’. இயக்கம் பிரேம் கபூர்.

முதல் தடயம் ஒரு நாவல். உத்தரப்பிரதேசத்து மைன்புரியில் 1932-ல் பிறந்த கமலேஷ்வர், தன் ஊரையே களமாக வைத்து எழுதிய ‘ஏக் சடக் சத்தாவன் கலியான்’தான் படத்தின் மூலக்கதை. பின்னாளில் குல்சாரின் ‘ஆந்தி’ படத்துக்குக் கதை தந்தவரும், ‘கித்னே பாகிஸ்தான்’ எழுதி சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் இவரே. முகம் தெரியாத யாரோ ஒளித்து வைத்து எழுதிய கதை இல்லை, இந்தி இலக்கியத்தின் நடு வீட்டிலிருந்து வந்த கதை.

கதையில் வரும் சர்நாம் சிங் கொள்ளைக்காரனாக இருந்து வண்டி ஓட்டப் போனவன். பான்சுரி என்ற பெண்ணை ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறான். இருவருக்கும் மனம் ஒட்டுகிறது. அவன் சிறைக்குப் போய்த் திரும்பும்போது அவள் அங்கே இல்லை. கோயிலில் வேலை பார்த்த ஷிவ்ராஜ் என்ற இளைஞனைத் தன் வண்டி வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறான். அந்த உறவு காதலாகிறது. பிறகு பான்சுரி மறுபடி எதிர்ப்படுகிறாள், வேறொருவனோடு. யார் யாரை விட்டுக்கொடுப்பது என்ற பொறாமைதான் கதையை நகர்த்துகிறது. நிதின் சேட்டி, அமர் கக்கட், நந்திதா தாக்கூர் நடித்தார்கள்.

நாவல் இருக்கிறது, நடிகர் பெயர்கள் இருக்கின்றன, படத்தை மட்டும் காணோம். சுமார் 40 வருஷம் அது தொலைந்த படங்களின் கணக்கில்தான் இருந்தது.

ஏன் தொலைந்தது? முதலில் எழும் சந்தேகம் தடை. ஆண்கள் இருவர் கூடுவது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி அப்போது குற்றம். அந்த நிலை 2018 செப்டம்பர் 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் மாறியது. ஆனால் படம் தணிக்கை தாண்டித் திரைக்கு வந்தது. 1969-ல் மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ கிளப்பிவிட்ட புதிய அலை அடித்துக்கொண்டிருந்த காலம். அந்த அலையில் வந்த பல படங்களைப் போல இதுவும் கூட்டம் சேர்க்காமல் ஒதுங்கியது. ஆக, அரசு இதைப் புதைக்கவில்லை.

அடுத்த சந்தேகம் அலட்சியம். அதற்கு விடை ஐயம்பேட்டையில் கிடைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் தறிச் சத்தம் கேட்கும் ஊர் இது. இங்கே பாவு பிணைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வாலிபத்தில் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தவர். ஓடி முடிந்த படத்தை என்ன செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன்.

“பொட்டி வந்தா ஓட்டுவோம் தம்பி. கெடு முடிஞ்சா பஸ்ல ஏத்தி அனுப்பிடுவோம். அப்புறம் அது எங்க போவுதுன்னு யார் கேட்டா? அடுத்த பொட்டி வந்துடுமே.”

பெட்டி போன இடம் பல நேரம் உலைதான். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி உண்டு. ஓட்டம் முடிந்த பிரதிகளை அந்த வெள்ளிக்காகவே எடைக்கு வாங்கிக் கரைத்தார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் முந்தானையின் அழகைப் பார்ப்பதில்லை. ஜரிகையைத் தேய்த்துப் பார்ப்பார், எடை போடுவார், காசு கொடுப்பார். புடவை எரிந்து சாம்பலாகும். சாம்பலிலிருந்து வெள்ளி பிரியும். எத்தனை மாதம் தறியில் உட்கார்ந்து நெய்த கோர்வை அது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. நம் சினிமாவுக்கும் அதே கதி நேர்ந்தது. நடராஜ முதலியாரின் மௌனப் படமான ‘கீசக வதம்’ இன்று கிடையாது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) கிடையாது. இத்தனைக்கும் இரண்டுமே எந்தக் காதலையும் சொல்லி யாரையும் சங்கடப்படுத்திய படங்கள் அல்ல.

அடுத்த தடயம் கடல் தாண்டிப் போனது. ‘பத்நாம் பஸ்தி’ ஜெர்மனியின் மன்ஹைம் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. விழாவுக்குப் போன பிரதியைத் திருப்பி வரவழைக்கச் சரக்குக் கூலி கட்ட வேண்டும், சுங்கத்தில் நிற்க வேண்டும்; அதனால் பல பிரதிகள் போன இடத்திலேயே தங்கிவிடும். அப்படித்தான் ஒரு 35 மி.மீ. பிரதி பெர்லினில், 1963 முதல் இயங்கும் அர்சனல் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பிளாக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சிம்ரன் பல்லாவும் மைக்கேல் மெட்ஸ்கரும் 2019-ல் அதைக் கண்டெடுத்தார்கள். 2020 மே மாதம், கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்தபோது, அது இணையத்தில் திரையிடப்பட்டது.

பெர்லினுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. 1919-ல் அங்கே மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவரின் துணையோடு ரிச்சர்ட் ஆஸ்வால்ட் ‘ஆண்டர்ஸ் அல்ஸ் டி ஆண்டர்ன்’ படத்தை எடுத்தார். ஆண்கள் இருவரின் காதலையும், அதை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பவனையும் பற்றிய படம். 1920-லேயே தடை வந்தது. நாஜிகள் 1933 மே மாதம் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிலையத்தைச் சூறையாடி நூல்களைக் கொளுத்தினார்கள். 1927-ல் அவர் வேறொரு படத்துக்குள் வெட்டிச் சேர்த்த பகுதிகளால்தான் இன்று அந்தப் படத்தின் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கிறது. அங்கே நடந்தது பகை. இங்கே நடந்தது அலட்சியம். பலன் என்னவோ ஒன்றுதான்: தங்களைப் போன்றவர்களைத் திரையில் பார்த்திருக்க வேண்டிய தலைமுறைகள் பார்க்காமலே போயின.

இந்தத் தேடலில் எனக்குப் பட்டதை நேராகவே சொல்கிறேன். காப்பகத்தில் இல்லாத ஒன்று வரலாற்றிலும் இல்லை என்று ஆகாது. ‘ஃபயர்’ படத்துக்கு 25 ஆண்டு முன்பே ஓர் இந்திய இயக்குநர், ஒரு சிற்றூர்க் கோயில் பையனின் காதலைக் கேலியாக்காமல், நோயாக்காமல் எடுத்திருக்கிறார். அந்தப் பெட்டி கிடைக்கும்வரை “நம் ஊரில் இதெல்லாம் கிடையாது” என்ற பேச்சுக்குப் பதில் சொல்லக் கையில் எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது.

தமிழ்ப் படப்பெட்டிகளும் ஊர் தாண்டிப் போனவைதான். இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று தமிழர் போன திசையெல்லாம் அவையும் போயின. திரும்பி வராதவற்றை அந்த ஊர்களின் காப்பகங்களிலும் பழைய விநியோகஸ்தர்களின் கிடங்குகளிலும் தேட வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட அவசரமான வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என்ன கிடைக்கும் என்பதைத் தேடிய பிறகு பேசுவோம். தேடுவதற்கு முன்பே ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு எழுதுவதை நிறுத்துவோம்.