ஐந்து நெறியாளரும் ஓர் ஒற்றனும்

1953 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13 ஆந் திகதி ‘கசினோ ரோயல்’ என்னும் ஆங்கில நாவல் இலண்டனில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இயன் பிளெமிங். ஜேம்ஸ் பொண்ட் என்னும் ஒற்றன் உலகுக்கு அறிமுகமானது அந்நூலிலேதான். சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1967 இல், அதே ஏப்ரல் 13 ஆந் திகதி, அதே இலண்டனில், லெஸ்டர் சதுக்கத்து ஓடியன் படமாளிகையில் அதே பெயர் கொண்ட திரைப்படம் திரையிடப்பட்டது. பெயர் ஒன்றே, பொருள் வேறு. நூலோ, எதிரியொருவனைச் சூதாட்ட மேசையிலே ஓட்டாண்டியாக்கி வீழ்த்தும் கடுமையான கதை. படமோ, பொண்ட் என்னும் பாத்திரத்தையே எள்ளி நகையாடிய நையாண்டி. அந்த நையாண்டியைக் குறித்து அன்று எழுந்த கருத்து வேற்றுமை அரை நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை. தலையும் வாலும் இல்லாத குப்பை என்று தள்ளுவோர் ஒரு சாரார். அறுபதுகளின் மனப்போக்கை அப்படியே பிடித்து வைத்த அபூர்வப் படைப்பு என்று போற்றுவோர் மறு சாரார். எவர் பக்கம் நியாயம் உண்டு என்பதை அறிய, அப்படம் பிறந்த கதையைத்தான் முதலிற் காணவேண்டும்.

பிளெமிங் பெரும் புகழ் பெறுமுன்னரே அந்த முதல் நூலின் உரிமை அவர் கையைவிட்டுப் போயிற்று. 1954 ஒக்டோபரில் அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சி அதனை ஒரு மணி நேர நாடகமாக ஒளிபரப்பிற்று. அடுத்த ஆண்டு கிரகரி ரட்டொவ் என்னும் நடிகரும் நெறியாளருமானவர் திரைப்பட உரிமையை 6,000 டொலருக்கு வாங்கினார். 1960 இல் அவர் இறந்தபின், அவருடைய மனைவியிடமிருந்து சாள்ஸ் பெல்ட்மன் என்னும் தயாரிப்பாளர் 75,000 டொலர் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றுக்கொண்டார். இதற்கிடையில் பிளெமிங்கின் ஏனைய நாவல்களைப் படமாக்கும் வாய்ப்பு ஹரி சோல்ட்ஸ்மன், அல்பேட் புரொக்கொலி ஆகிய இருவரிடம் சேர்ந்தது. 1962 இல் ‘டொக்டர் நோ’ வெளிவந்தது. ஷோன் கொனரி என்ற நடிகர் ஓரிரு ஆண்டுகளுள் உலகெங்கும் பொண்டாகவே ஆகிவிட்டார். தலைப்பிள்ளை ஒரு வீட்டிலும் மற்றப் பிள்ளைகள் வேறு வீட்டிலும் வளர்ந்த கதையாயிற்று. பெல்ட்மன் கையில் நூல் இருந்தது, நாயகன் இல்லை. புரொக்கொலியுடன் கூட்டுச் சேரும் முயற்சி கைகூடவில்லை. கொனரியோ பத்து இலட்சம் டொலர் கேட்டார் என்பர்.

நையாண்டி என்பது பெல்ட்மனின் முதல் எண்ணம் அன்று. ஹொலிவூட்டின் தலைசிறந்த திரைக்கதையாசிரியருள் ஒருவரான பென் ஹெக்ட் அவருக்காக எழுதிய பிரதிகள் பிற்காலத்தில் ஆராயப்பட்டபோது, அவை நூலின் கடுமையைக் குறைக்காத கனமான பிரதிகள் என்பது தெரியவந்தது. 1964 ஏப்ரலில் ஹெக்ட் காலமானார். அடுத்த ஆண்டு பெல்ட்மன் தயாரித்த ‘வட்ஸ் நியூ புஸிகட்’ என்னும் களியாட்டப் படம் நன்றாக ஓடிற்று. பீற்றர் செல்லர்ஸ், வூடி அலன், ஏர்சுலா அன்ட்ரஸ் ஆகியோர் அதில் நடித்திருந்தனர். கொனரி இல்லாத பொண்டைக் கேலிப் பொருளாக்குவதே வழி என்று பெல்ட்மன் துணிந்தமைக்கு இவ்வெற்றி பெரிதும் காரணமாயிற்று.

வேலை தொடங்கியபின் நடந்தவை எந்தத் திரைக்கதையிலும் அடங்கா. ஜோன் ஹியூஸ்டன், கென் ஹியூஸ், வல் கெஸ்ட், ரொபேட் பரிஷ், ஜோ மக்கிராத் என நெறியாளர் ஐவர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பகுதி. ஷெப்பர்ட்டன், பைன்வூட், எம்.ஜி.எம். என மூன்று படப்பிடிப்பு நிலையங்கள். திரைக்கதையாசிரியர் எனப் பெயர் காட்டப்பட்டவர் மூவர். பெயர் காட்டப்படாமல் எழுதிக் கொடுத்தவர் அதனினும் பலர். ஓய்வு பெற்ற சேர் ஜேம்ஸ் பொண்டாக டேவிட் நிவென் நடித்தார். அவரை மீண்டும் பணிக்கு அழைக்க வரும் நால்வருள் ஒருவர் வில்லியம் ஹோல்டன். கித்துல்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே பாலங் கட்டி எடுக்கப்பட்ட ‘குவாய் நதிப் பாலம்’ வாயிலாக இலங்கையர் நன்கறிந்த நடிகர் அவர். எதிரியைக் குழப்புவதற்காக ஒற்றர் அனைவருக்கும் ஜேம்ஸ் பொண்ட் என்றே பெயரிடுமாறு சேர் ஜேம்ஸ் கட்டளையிடுகிறார். கதைக்குள் இது ஒரு தந்திரம்; ஆனால் எந்த நடிகர் வந்தாலும் போனாலும் பொண்ட் ஒருவர் எஞ்சியிருப்பார் என்பதால், படப்பிடிப்புக்கும் அது பேருதவியாக இருந்தது.

இத்தகைய உதவி மிகவும் தேவைப்பட்ட இடம் பீற்றர் செல்லர்ஸ் நடித்த பகுதியே. சூதாட்ட வல்லுநனான ஈவ்லின் டிரெம்பிள், வில்லன் லு ஷீவ்ரோடு பக்கரா ஆட்டம் ஆடி வெல்வது நூலிலிருந்து எஞ்சிய உயிர்நாடி. லு ஷீவ்ராக நடித்தவர் ஓர்சன் வெல்ஸ். சுற்றியிருந்தோர் கோமாளிக் கூத்துக்கு ஆயத்தமாக நின்றபோது, செல்லர்ஸ் தம் பாத்திரத்தை மெய்யான பொண்டாகவே நடிக்க விரும்பினார். வெல்ஸோ மேசையிலிருந்தபடியே கண்கட்டு வித்தைகள் காட்டுவதில் மகிழ்ந்தார். இருவருக்கும் பகை முற்றிற்று. ஒரே மேசையில் எதிரெதிரே அமரவேண்டிய இருவரும் ஒரே வேளையில் அரங்கில் நிற்க மறுத்ததால், அவர்களின் காட்சிகள் பெரும்பாலும் தனித்தனியே எடுக்கப்பட்டன. செல்லர்ஸின் நண்பரான மக்கிராத் அவருடனேயே பிணங்கி விலக, பரிஷ் அப்பொறுப்பை ஏற்றார். இறுதியில் செல்லர்ஸும் தம் பகுதி முடியுமுன் வெளியேறினார். டிரெம்பிள் எப்படி மறைந்தான், ஏன் மறைந்தான் என்பதற்குப் படத்தில் ஒழுங்கான விளக்கம் கிடையாது. அந்த ஓட்டைகளை அடைக்கும் பணி வல் கெஸ்டுக்கு வந்தது. ‘ஒருங்கிணைப்பு நெறியாளர்’ என்று தம்மைக் குறிப்பிட அவர் சம்மதிக்கவில்லை; ஒருங்கிணைப்பு இதுவெனில் பார்ப்போர் நகைப்பர் என்று அவர் அஞ்சியதில் வியப்பில்லை.

அறுபது இலட்சம் டொலர் என்று தொடங்கிய செலவு ஒரு கோடி இருபது இலட்சத்தில் வந்து நின்றது. அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த கொனரியின் படத்துக்கு ஆன செலவிலும் இது மிகுதி.

விமரிசகர் தாக்கினர். அந்த ஏப்ரலில்தான் சிக்காகோவில் விமரிசகர் பதவியேற்ற ரொஜர் ஈபேட் என்னும் இளைஞர், எடுத்தவர்கள் தம் மனம்போன போக்கில் ஆடிய படங்களுள் இதனை விஞ்சியது இராது என்ற பொருள்பட எழுதினார். நியூயோர்க் ரைம்ஸின் பொஸ்லி குறோதர் சிறிது இரக்கங் காட்டினார். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் இன்பமான பொழுதுபோக்காயிருக்கும், இரண்டு மணிக்கு மேல் இழுத்தமையால் களைப்பே மிஞ்சிற்று என்பது அவர் தீர்ப்பு. பொதுமக்கள் இவ்வுரைகளைப் பொருட்படுத்தவில்லை. படம் உலகெங்கும் நான்கு கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. ஆயினும் பெல்ட்மன் அப்பலனை நீண்ட நாள் துய்க்கவில்லை; 1968 மே மாதத்தில் அவர் காலமானார்.

ஆதரவாளரின் குரல் வலுப்பெற்றது பிற்காலத்திலேதான். அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் ரொபேட் வொன் டசனொவ்ஸ்கி 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், அது தன்னை மீறியே ஒரு பின்நவீனத்துவக் காவியமாயிற்று என்று வாதிட்டார். ‘தன்னை மீறி’ என்ற அந்தச் சொற்களில் உண்மை உண்டு. திட்டமிட்டே குழப்பத்தை ஆக்கினார்கள் என்று கூறும் ஆர்வலரை வரலாறு ஆதரிக்கவில்லை. ஹெக்டின் பிரதிகளும் செல்லர்ஸ் விட்டுச்சென்ற வெற்றிடமும் அதற்கு எதிரான சாட்சிகள். எனினும் முழுவதும் குப்பை என்போரும் சில பகுதிகளைக் கண்கொண்டு பார்க்கவில்லை. கென் ஹியூஸ் எடுத்த பேர்லின் பகுதியில், கோணல்மாணலான படிகளும் சுவர்களுமாக, 1920 இன் ‘டொக்டர் கலிகாரி’ படத்தை நினைவூட்டும் அரங்கமைப்பு தேர்ந்த கைவேலை. பேர்ட் பகராக்கின் இசையோ படத்தைப் பழித்தவராலும் பழிக்கப்படவில்லை. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ‘த லுக் ஒஃப் லவ்’ ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. அந்த இசைத்தட்டு ஒலிப்பதிவின் தெளிவுக்காக இரசிகர்களால் இன்றும் தேடப்படுகின்றது.

இறுதிக் காட்சியைக் குறித்துத்தான் பூசல் மிகுதி. அமெரிக்கக் குதிரைப்படையும் பரசூட்டில் இறங்கும் செவ்விந்தியரும் கடற்சிங்கங்களும் ஒரே சூதாட்ட மண்டபத்தில் மோதுகின்றனர். வூடி அலன் விழுங்கிய அணுகுண்டு மாத்திரை வெடித்து அனைவரும் மாள்கின்றனர். கதையை முடிக்க வேறு வழி காணாதார் செயல் என்று சிலர் இதனைச் சொல்வர். அணுகுண்டின் நிழலில் வாழ்ந்த தலைமுறை தன் அச்சத்தைச் சிரித்து ஆற்றிய விதம் என்று வேறு சிலர் சொல்வர். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கத் தடையில்லை.

நூலின் திரைப்பட உரிமை 1999 இல் ஏற்பட்ட ஓர் உடன்பாட்டினால் ஏனைய பொண்ட் படங்களைத் தயாரிப்போரிடம் ஒருவாறு வந்து சேர்ந்தது. 2006 இல் டானியல் கிறேய்க் நடிக்க, ‘கசினோ ரோயல்’ கடுமையான கதையாகவே மீண்டும் திரைக்கு வந்தது. அப்படத்தில் பொண்டும் லு ஷீவ்ரும் ஆடுவது போக்கர் ஆட்டம். பிளெமிங் எழுதிய பக்கரா ஆட்டம், 1967 ஆம் ஆண்டுப் படத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராத செல்லர்ஸுக்கும் வெல்ஸுக்கும் இடையில் மாறாமல் இருக்கின்றது.