நூலகத்துக்கென்று ஒதுக்கிய காசு

1933 ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபையிலே பொது நூலகங்களுக்கான மசோதா ஒன்று முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் பஷீர் அகமது சையீத் என்ற இளம் வழக்கறிஞர். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். சென்னை எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி 1955 இல் தோன்றுவதற்குக் காரணமாக நின்றவரும் அவரே. அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொன்னால் நம்மவர்களில் பலருக்குத் தெரியும். நூலக மசோதாவைப் பற்றிச் சொன்னால் "அப்படியும் ஒன்று நடந்ததா?" என்றுதான் கேட்பார்கள்.

மசோதா அன்று சட்டமாகவில்லை. 15 வருஷம் கழித்து, 1948 இல்தான் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது பொது நூலகச் சட்டம் அதுவே. இன்று தமிழ்நாட்டின் கிராமங்களில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று பலகை தொங்குகிறதே, அதற்கெல்லாம் அடிக்கல் அந்தச் சட்டம்தான்.

எத்தாளையில் இருந்துகொண்டு இந்தக் கதையை ஏன் எடுத்தேன் என்று கேட்கலாம். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி ரோட்டில் வருகிறவர்களுக்கு எங்கள் குடாநாடு தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவிலே தென்னையும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களும். இங்கே வாசிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடியும்: "இந்தக் காலத்துப் புள்ளைகள் புத்தகத்தைத் தொடுறதே இல்ல." குற்றவாளி பிள்ளை, சாட்சி கைத்தொலைபேசி, வழக்கு முடிந்தது. சரித்திரத்தைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. ஒரு பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் புத்தகம் இருக்கிறதா, அந்தக் கதவைத் திறக்கச் சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறாரா, அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்ன பிறகுதான் பிள்ளையைக் கூண்டில் ஏற்றலாம்.

எங்கள் கரை எழுத்தறியாத கரையுமல்ல. 1834 இல் அச்சான இலங்கை கசற்றியரை எழுதிய சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர். தமிழ்ப் புலவர் சரிதங்களை ஆங்கிலத்தில் தொகுத்து 1859 இல் 'தமிழ் புளூராக்' என்று வெளியிட்டவரும் அவர்தான்.

எண்ணத் தொடங்கிய அரசு

அரசாங்கம் புத்தகத்தை முதலில் வளர்க்க வரவில்லை, எண்ணத்தான் வந்தது. இந்தியாவில் 1867 இல் அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சி முடிந்து பத்து வருஷம். யார் எதை அச்சடிக்கிறான் என்று அறிவதே ஆட்சியாளரின் அவசரம். இலங்கையில் அதே மாதிரியான அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் 1885 இல் வந்தது. அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882 இல் தொடங்கியிருந்தார். அவருடைய 'அசன்பேயுடைய கதை' வெளியானதும் அந்த 1885 இலேயே. ஆக, நம்முடைய முதல் நாவலும் புத்தகக் கணக்கெடுக்கும் சட்டமும் ஒரே வயதுக்காரர்கள். அந்தக் கணக்கெடுப்பால் ஒரு நன்மையும் உண்டு. அன்று எந்தெந்த நூல்கள் வந்தன என்று இன்று தேடுகிற ஆய்வாளனுக்கு அந்தப் பட்டியல்கள்தான் கைவிளக்கு.

மக்கள் வாசிக்கவேண்டும் என்று ஓர் அரசே முன்வந்து செலவழித்ததற்கு இந்தியாவில் பழைய உதாரணம் பரோடா சமஸ்தானம். மூன்றாம் சயாஜிராவ் மன்னர் 1906 இல் கட்டாய ஆரம்பக் கல்வியைச் சமஸ்தானம் முழுக்கக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளை நாலைந்து வருஷத்தில் எழுத்தை மறந்துவிட்டால் செலவழித்த காசு வீண் என்பது அவருக்குப் புரிந்தது. 1910 இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை அழைத்து நூலகத்துக்கென்றே ஒரு திணைக்களம் அமைத்தார். கிராமங்களுக்குப் புத்தகங்கள் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுப் போயின. பெட்டி ஓர் ஊரில் தங்கும், வாசித்து முடிந்ததும் வேறு பெட்டி வரும்.

தமிழ் மண்ணில் அந்த வேலையை எடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931 ஒக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நூலகம் ஓடத் தொடங்கியது. கனகசபைப் பிள்ளை என்ற அன்பரின் முயற்சி அது, தொடக்கி வைத்தவர் ரங்கநாதன். வாசகன் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகனிடம் போகட்டும் என்பதுதான் எண்ணம். அவருடைய நூலகவியல் ஐந்து விதிகள் வெளியானதும் அதே 1931 இல். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இன்றைக்கும் அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு விதி போதும்.

வண்டி ஓடுவதற்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும், தீனிக்குக் காசு வேண்டும். நல்ல மனிதர் ஒருவர் இருக்கும்வரை ஓடும் வண்டி, அவர் மவுத்தானதும் நின்றுவிடக் கூடாது என்றால் சட்டம் தேவை. ரங்கநாதன் 1930 இலேயே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி வைத்திருந்தார். அதைத்தான் பஷீர் அகமது சையீத் சட்டசபைக்கு எடுத்துப் போனார்.

இழுபறி எங்கே வந்தது? பணத்தில்தான். வங்காளத்தில் முனீந்திர தேவ் ராய் இதே காலத்தில் முயன்ற மசோதாவுக்குக் கட்டாய வரி விதியே தடையானது. நூலகம் நல்லது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நூலகத்துக்கு வரி என்றதும் தலைகள் நின்றுவிட்டன.

ஆறு பை

1948 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946 இல் நிறுவியவர். பெ. தூரன் ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளில் வந்த கலைக்களஞ்சியம் அந்தக் கழகத்தின் வெளியீடு. நூலை ஆக்குவதற்கு ஒரு கழகம், ஆன நூலை ஊருக்குக் கொண்டுபோக ஒரு சட்டம். இரண்டு காரியத்திலும் ஒரே கை இருந்தது.

சட்டத்தின் உயிர் ஒரு சிறு விதியில் இருக்கிறது. ஊராட்சி, நகராட்சி வசூலிக்கும் சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாவுக்கும் ஆறு பை நூலக வரியாகச் சேர்த்து வாங்கவேண்டும். பழைய கணக்கில் ஒரு ரூபா 192 பை. அதாவது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் கூட. இன்று அது ரூபாவுக்குப் பத்துக் காசாக உயர்ந்திருக்கிறது. அந்தக் காசை நகராட்சி தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க ஏலாது. மாவட்டம்தோறும் உள்ள நூலக ஆணைக்குழுவிடம் கட்டவேண்டும். புத்தகத்துக்கு, கட்டிடத்துக்கு, சம்பளத்துக்கு என்று ஆணைக்குழு செலவழிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது மாவட்டம் என்ற சொல்லை. கடைத்தெருவும் மாடி வீடுகளும் உள்ள நகரத்தில் வரி நிறைய விழும், குக்கிராமத்தில் ஒன்றும் விழாது. எல்லாம் ஒரே பெட்டிக்கு வருவதால் நகரத்தின் காசில் கிராமத்துப் பிள்ளைக்குப் புத்தகம் போகிறது.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. நூலக வரியை வசூலித்துவிட்டு ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைக்கும் உள்ளாட்சிகளைப் பற்றி அங்கே முறைப்பாடு ஓய்வதில்லை. நூலகத் துறை வாங்கினால்தான் புத்தகம் அச்சிடலாம் என்ற நிலைக்குப் பல பதிப்பாளர்கள் வந்ததும் உண்மை. இந்தியா முழுக்க இந்த வரி இல்லை என்பதும் உண்மை. மகாராஷ்டிரத்தின் 1967 சட்டத்திலும் மேற்கு வங்கத்தின் 1979 சட்டத்திலும் நூலக வரி கிடையாது. மத்திய அரசு 1957 இல் நேஷனல் புக் டிரஸ்டை நிறுவிக் குறைந்த விலையில் பல மொழிகளில் நூல் வெளியிட்டது. 1972 இல் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையை அமைத்து மாநில நூலகங்களுக்கு உதவியது. என்றாலும் நிலுவை இருக்கிறது என்று ஒருவர் முறையிட முடிகிறதே, அதுவே சட்டத்தின் பயன். கடன் என்று எழுதி வைத்தால்தான் நிலுவை என்று கேட்கலாம். தர்மம் என்றால் கேட்க முடியாது.

நம் நாட்டில்

இலங்கை கல்விக்குச் செலவழிக்கப் பின்நிற்கவில்லை. இலவசக் கல்வி 1945 இல் வந்தது, இலவசப் பாடநூல் 1980 இல் வந்தது. அரசு நினைத்தால் நாட்டின் மூலை முடுக்கில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வருஷம் தவறாமல் புத்தகம் வைக்க முடியும் என்று காட்டிய நாடு இது. எத்தாளைப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே பாடநூல்தான். பாடநூலுக்கு வெளியே வந்ததும் அந்தச் சமத்துவம் முடிந்துபோகிறது.

தேசிய நூலக சேவைகள் சபை 1970 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதே தசாப்தத்தின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடைவெளியில் உள்நாட்டு எழுத்து தலைதூக்கியது. வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன, நம் எழுத்தாளர்களின் நாவல்கள் பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. 1977 இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. அந்த வேகம் தொடரவில்லை. சந்தையைப் பூட்டிக் கொடுத்த அரசு, நூலகங்கள் வழியாக நிரந்தரமாக நூல் வாங்கும் ஏற்பாட்டைப் பூட்டிய காலத்திலேயே செய்திருந்தால், திறந்த பிறகும் பதிப்பாளர்களுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் இருந்திருக்கும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகத்தைக் காப்பதும் அரசின் கடமை என்று நாம் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

1990 ஏப்ரலில் கொழும்பில் தேசிய நூலகக் கட்டிடம் திறக்கப்பட்டது. அதே வருஷம் ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்களில் பெருந்தொகையானோர் புத்தளத்திலும் எங்கள் குடாநாட்டிலும்தான் ஒதுங்கினார்கள். அவர்கள் விட்டுவந்த வீட்டு அலுமாரிகளில் கிதாபுகளும் இருந்தன, சஞ்சிகைகளும் இருந்தன. ஓலைக் கொட்டிலில் இருந்து படித்து முன்னேறிய அந்தத் தலைமுறையைப் பார்த்தவர்கள், நம் பிள்ளைகளுக்கு வாசிக்க ஆசையில்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

பொது நூலகம் இங்கே உள்ளூராட்சியின் பொறுப்பு. எங்களைப் போன்ற கிராமங்களுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். சபை நூலகம் நடத்தலாம், அதற்கு அதிகாரம் உண்டு. இவ்வளவு காசை நூலகத்துக்கென்று ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னைச் சட்டத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இந்த 'லாம்' என்ற விகுதியில் அடங்கிவிடுகிறது. தவிசாளர் வாசிப்பவராக அமைந்தால் நூலகம் செழிக்கும். அடுத்தவர் வந்தால் ரோட்டுக்கும் லைட்டுக்கும் போக மிஞ்சினால் பார்க்கலாம் என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. பிரதேச சபைக்கு ஆதன வரி விழுவது அபிவிருத்தியடைந்த பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில்தான். தோட்டமும் வாடியுமான ஊரில் என்ன வரி விழும்? "புத்தகம் இருக்கு நானா, தொறக்கத்தான் ஆளில்ல" என்ற பேச்சு எந்த மாவட்டத்திலும் கேட்கும் பேச்சுத்தான்.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். போட்டி, கண்காட்சி, பரிசளிப்பு எல்லாம் நடக்கிறது. நல்ல காரியம்தான். கேரளத்திலும் பி. என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19 வாசிப்பு நாள். ஆனால் அங்கே அந்த நாள் கடைசியில் வந்தது. 1945 இல் கிராம நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் கட்டி, 1989 இல் வரியோடு கூடிய சட்டமும் வந்த பிறகு, 1996 இல்தான் கொண்டாட்டம் தொடங்கியது. பயிர் விளைந்த பிறகு வைக்கும் விருந்து மாதிரி.

நமக்குத் தெரிந்த வழி

ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய சொத்தை வேறெதற்கும் திருப்ப முடியாது என்ற விதி நமக்குப் புதிதல்ல. அதற்குப் பெயர் வக்பு. விற்கவும் முடியாது, பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கவும் முடியாது. பழைய பள்ளிவாசல் கிதாபுகளின் முதல் பக்கத்தில் வக்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். அந்த ஒரு சொல்தான் புத்தகத்தைத் தலைமுறை தாண்டிக் காத்தது. இந்த நாட்டுச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் மூலம் அதை ஏற்றிருக்கிறது. சென்னையின் ஆறு பையும் காரியத்தில் இதே ஏற்பாடுதான். இன்ன வேலைக்கு என்று குறித்த காசு, அதைக் காக்க ஒரு பொறுப்பாளர், கணக்குக் கேட்க ஒரு சட்டம்.

அதனால் நம்மவர்கள் உள்ளூராட்சி மன்றங்களுக்குப் போகும்போதும், தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் நம் வாசலுக்கு வரும்போதும் கேட்கவேண்டியது இன்னொரு கட்டிடத்தை அல்ல. புத்தளம், சிலாபம் போன்ற நகரங்களின் வரியில் ஒரு சிறு பங்கு மாவட்டப் பொதுப் பெட்டியில் சேரட்டும். அதிலிருந்து கரையோரக் கிராமங்களுக்குச் சம்பளத்தோடு ஒரு நூலகர், வருஷாவருஷம் புதுப் புத்தகம், மூன்று மொழியிலும். அதைச் சட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை, பள்ளிவாசல் நிர்வாகங்களும் நம் வசதியானவர்களும் ஒரு கடையின் வாடகையையோ ஒரு தென்னந்தோட்டத்தின் வருமானத்தையோ ஊர் வாசிகசாலைக்கென்று வக்பு செய்து தொடங்கலாம். கட்டிடத்துக்கு முன் அந்த ஆளின் சம்பளத்துக்கு வழி வைக்கவேண்டும்.

பஷீர் அகமது சையீத் 1933 இல் கேட்டது கிடைக்க 15 வருஷம் சென்றது. நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.