இரண்டே வருஷம் வாசித்த பேஸ் கலைஞர்

1/ இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டாரை மட்டும் தனியா பிடிச்சுக் கேட்கிற ஆளுங்களா நீங்க? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். பேஸும் தனிக்குரலா பேசும்னு ஜாஸ் உலகத்துக்குக் காட்டினவர் ஜிம்மி பிளாண்டன். வாழ்ந்தது 23 வருஷம். பெரிய மேடையில வாசிச்சது ஏறக்குறைய ரெண்டே வருஷம்.

2/ பிறந்தது 1918, அமெரிக்காவின் டென்னசி மாநிலம். அம்மா பியானோ கலைஞர். பையன் முதல்ல கத்துக்கிட்டது வயலின். அப்புறம்தான் ஆள் உயரத்துக்கு நிக்கிற டபுள் பேஸ்.

3/ அன்னைக்கு ஜாஸ் குழுவுல பேஸ்காரர் வேலை தாளத்தோட நடந்துபோறது மட்டும்தான். நம்ம கச்சேரியில தம்புரா மாதிரி. இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, இல்லைன்னா உடனே தெரியும்.

4/ 1939-ல் செயின்ட் லூயிஸ் நகரத்துல இவரைக் கேட்ட டியூக் எலிங்டன், கையோட குழுவுல சேர்த்துக்கிட்டார். ஏற்கெனவே பில்லி டெய்லர்னு ஒரு பேஸ் கலைஞர் இருந்தார். சில மாசம் ரெண்டு பேஸும் ஒரே மேடையில. 1940 தொடக்கத்துல டெய்லர் விலகிட்டார்.

5/ அந்த வருஷம் எலிங்டன் பியானோவும் இவர் பேஸும் மட்டும் பேசிக்கிற இசைத்தட்டுகள் வந்தன. 'ஜாக் தி பேர்' கேளுங்க, பேஸ்தான் அங்கே கதாநாயகன். எலிங்டனின் அந்தக் காலத்துக் குழுவை ரசிகர்கள் இன்னைக்கும் 'பிளாண்டன்-வெப்ஸ்டர் பேண்ட்'னுதான் சொல்றாங்க.

6/ 1941 கடைசியில காசநோய். அப்போ மருந்தே கிடையாது. ஓய்வு, சத்தான சாப்பாடு, சுத்தமான காத்து, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல ஒரு சானடோரியத்துல சேர்த்தாங்க. 1942 ஜூலை 30, இறந்துட்டார். அதே வருஷம் மார்ச்ல ஜாஸ் கிட்டார் மேதை சார்லி கிறிஸ்டியனும் 25 வயசுல இதே நோயில போயிருந்தார்.

7/ பிளாண்டன் இறந்து 15 மாசத்துல, 1943 அக்டோபர்ல, ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சாங்க. ஆனா ஒத்தை மருந்துக்குக் கிருமி சீக்கிரம் பழகிடுச்சு. அதனாலதான் பல மருந்து சேர்த்துக் கொடுக்கிற முறை வந்தது.

8/ சானடோரியம்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். பெருந்துறையில இன்னைக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற இடம் அதுதான். நோயாளி ஊரையும் வீட்டையும் விட்டு அங்கேதான் கிடக்கணும்ங்கிற நிலையை மாத்தினது நம்ம சென்னை. 1956-ல் சேத்துப்பட்டுல ஒரு ஆய்வு தொடங்கினாங்க. மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா, வீட்டுல இருந்தே சானடோரியம் அளவுக்குக் குணமாகும், வீட்டு ஆட்களுக்கும் கூடுதலா பரவலைன்னு 1959-ல் உலகத்துக்குச் சொன்னாங்க.

9/ 1963-ல் எலிங்டன் தன் குழுவோட அதே மெட்ராஸுக்கு வந்து வாசிச்சார். பிளாண்டன் இருந்திருந்தா வயசு ஏறக்குறைய 45 தான் ஆகியிருக்கும்.

10/ இப்போ விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? சளிப் பரிசோதனை பண்ணுங்க. அரசு மருத்துவமனையில பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாயும் உண்டு. வழக்கமான காசநோய்க்கு 6 மாசம் சிகிச்சை. ரெண்டாவது மாசம் இருமல் நின்னு, எடை கூடி, "நல்லாயிட்டேனுங்க டாக்டர்"னு பாதியில நிறுத்துறவங்களைத்தான் பார்த்துட்டே இருக்கோம். கிருமி உள்ளேயே இருக்குங்க. திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு அடங்காம வரலாம்.

11/ பிளாண்டனுக்குக் கிடைக்காத மாத்திரை உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு. கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடுங்க. வீட்டுல யாராவது சாப்பிட்டுட்டு இருந்தா, இன்னைக்குப் போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க.