குண்டசாலையும் கண்டிக் குடியானவரும்: பின்தங்கிய கிராமங்களுக்கான அரசாங்கத் திட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் செல்வம் அந்நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவாகப் பரவி நிற்பதில்லை. ஆறு பாயும் சமவெளி வளம் பெற, அதனை அடுத்த மலைச்சாரல் வறுமையுறுவதுண்டு. துறைமுகமும் புகைவண்டிப் பாதையும் அமைந்த இடத்தை நாடி மூலதனம் செல்ல, அவை இல்லாத ஊர்களினின்று இளைஞர் வெளியேறுவதுமுண்டு. இவ்வேற்றத்தாழ்வை இயற்கையின் நியதியெனக் கொண்டு வாளாவிருந்த அரசுகள், இருபதாம் நூற்றாண்டில் அதனைத் திருத்துவதும் தம் கடமையே என உணரத் தொடங்கின. 1933ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை தோன்றியது. 1950இல் இத்தாலியின் வறிய தென்பகுதிக்கெனத் தனி நிதியம் ஒன்று நிறுவப்பெற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், 1949ஆம் ஆண்டில், இலங்கை அரசாங்கம் கண்டிக் குடியானவரின் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை, கண்டி மாநகருக்குக் கிழக்கே அமைந்த குண்டசாலையையும் அது சார்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கையும் நிலைக்களமாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குண்டசாலை பண்டு வறிய ஊரன்று. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் மகாவலி கங்கைக் கரையிலுள்ள இவ்வூரிலே மாளிகை அமைத்து வாழ்ந்தமையின், மக்கள் அவனைக் குண்டசாலை மன்னன் என்றே வழங்கினர். அவனுக்குப்பின் மதுரை நாயக்கர் வழிவந்த அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறியமை தமிழ் மாணாக்கர் நன்கறிந்த செய்தியாகும். அக்காலக் குடியானவனின் வாழ்வு வயல், வீட்டுத் தோட்டம், சேனை என்னும் மூன்றையும் பற்றி நின்றது. வயல் நெல்லைத் தந்தது; தோட்டம் பலாவும் கமுகும் மிளகும் தந்தது; மேட்டுநிலத்துச் சேனை, மழை பொய்த்த ஆண்டில் குரக்கன் தந்து உயிர் காத்தது. காடு மாடு மேய்தற்கும் விறகு கொள்வதற்கும் பொதுவாய் இருந்தது. இராசகாரியக் கடமைகள் பாரமாயிருந்தன என்பதும், சாதிப் பாகுபாடு கடுமையாயிருந்தது என்பதும் உண்மையே. தும்பறைப் பாய் எனப் புகழ்பெற்ற அழகிய பாயைப் பின்னிய ஹேனவலைக் கின்னரர் சமூகத்தின் அடிநிலையிலேயே வைக்கப்பெற்றிருந்தனர். ஆயினும் நிலமின்மை என்பது அக்காலத்துப் பெருங்குறையாக இருந்ததில்லை.

1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் பின்னர் இந்நிலை மாறியது. 1833இல் கண்டி மாகாணங்கள் தனியாட்சி இழந்து ஏனைய மாகாணங்களுடன் இணைக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும் மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி முடிக்குரியன என விதித்தது. கண்டிப் பகுதிச் சேனைகளுக்கு உரிமை கொண்டாடுவோர் சன்னசு முதலிய ஆவணங்கள் காட்டல் வேண்டும் எனவும் அஃது எதிர்பார்த்தது. வாய்மொழியாலும் வழக்கத்தாலும் நிலம் ஆண்டுவந்த குடியானவனிடம் ஆவணம் எங்ஙனம் இருக்கும்? முடிக்குரியதெனப்பட்ட நிலம் 1844 வரை ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து சிலிங் என்னும் அற்ப விலைக்கு விற்கப்பட்டது. உயர் அதிகாரிகள் பலரே அதனை வாங்கிக் கோப்பித் தோட்டக்காரராயினர்.

தும்பறைப் பள்ளத்தாக்கு இம்மாற்றத்தின் முன்னணியில் நின்றது. யமேக்காவிலே கோப்பிச் செய்கை கற்று 1837இல் இலங்கை வந்த றொபேட் போய்ட் டைற்லர் என்பார், அங்குள்ள முறையை இப்பள்ளத்தாக்கிலே புகுத்தினார். பல்லேகலை, இராஜவெல்லை, குண்டசாலை முதலிய இடங்கள் தோட்டங்களாயின. தோட்டவேலைக்குத் தமிழகத்தினின்றும் வறிய மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். வழியில் நோயாற் பட்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், பள்ளத்தாக்கிற் கொக்கோவும் உயர்ந்த சாரல்களில் தேயிலையும் அதன் இடத்தைப் பிடித்தன. பயிர் மாறினும் நில அமைப்பு மாறவில்லை. தோட்டங்களுக்கிடையே ஒடுங்கிய கிராமம், மக்கள் பெருகப் பெருக, துண்டுபட்ட வயலையே பங்கிட்டு வந்தது. தோட்டத்தினுள்ளே லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கோ ஓரடி நிலமும் சொந்தமில்லை. ஒரே சாரலில், ஒரே மழையில், வறியோர் இரு கூட்டத்தார் வாழ்ந்தனர். ஒருவரை ஒருவர் அறியாதவாறு மொழியும் சட்டமும் வேலியும் அவர்களைப் பிரித்தன.

இக்குறையைத் திருத்தும் முதல் முயற்சி 1927ஆம் ஆண்டுக் காணி ஆணைக்குழுவுடன் தொடங்கியது எனலாம். எஞ்சிய முடிக்குரிய காணி முதலாளிமாருக்கு விற்கப்படாது, குடியானவருக்கெனக் காக்கப்படல் வேண்டும் என்னும் கொள்கை அதன்வழிப் பிறந்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அக்கொள்கைக்குச் சட்ட உருவம் தந்தது. அக்காலத்து விவசாய, காணி அமைச்சராயிருந்த டி. எஸ். சேனநாயக்கா உலர் வலயக் குடியேற்றங்களை ஊக்கினார். மின்னேரியாவிற் புதிய வயல்கள் தோன்றின. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. ஆனால் மலைநாட்டுக் கிராமவாசிக்கு இக்கொள்கை பிந்தியே வந்து சேர்ந்தது. அவனது ஊரைச் சூழ்ந்த நிலம் ஏற்கெனவே தோட்டமாகிவிட்டமையால், பங்கிடுவதற்கு முடிக்குரிய காணி அங்கே அதிகம் இல்லை. ஊரை விட்டுத் தொலைதூரம் சென்றாலன்றி அவனுக்கு நிலமில்லை என்பதே அக்கொள்கையின் நடைமுறைப் பொருளாயிற்று.

இச்சூழ்நிலையிலேதான் என். ஈ. வீரசூரிய தலைமையிற் கண்டிக் குடியானவர் ஆணைக்குழு நியமிக்கப்பெற்றது. மத்திய, ஊவா மாகாணங்களை ஆராய்ந்து அது 1951இல் அறிக்கை வெளியிட்டது. வறுமையை மக்களின் சோம்பலுக்குரியதெனக் கூறிவந்த பழைய அதிகாரிகளின் கருத்தினின்றும் வேறுபட்டு, அதன் வேர் நிலப்பறிப்பிலே உள்ளது என அரச ஆவணம் ஒன்று விரிவாகக் கூறியமை இவ்வறிக்கையின் பெருஞ் சிறப்பாகும். கிராம விஸ்தரிப்புக்குக் காணி, வண்டி செல்லத்தக்க தெரு, பாடசாலை, வைத்திய வசதி ஆகியவற்றின் தேவையை அது வற்புறுத்தியது. பின்வந்த அரசாங்கங்கள் இதற்கெனத் தனி நிதி ஒதுக்கின. பாலமும் தெருவும் பாடசாலைக் கட்டடமும் எளிதிற் கட்டி முடிக்கப்படக் கூடியன. தேர்தற் காலத்திற் சுட்டிக்காட்டவும் கூடியன. தோட்டக் காணியைப் பெற்றுப் பகிர்வது அத்தனை எளிதன்று. ஆதலின் அறிக்கை நோய்க்குக் கூறிய காரணம் ஒன்றாகவும், அரசு மிகுதியாகக் கொடுத்த மருந்து வேறொன்றாகவும் அமைந்தன.

அன்றியும் இன்னொரு குறை நோக்கற்பாலது. 'கண்டிக் குடியானவன்' என்னும் சொல்லின் எல்லைக்குள் தோட்டத் தொழிலாளன் அடங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949இல் வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. ஒரு பிரதேசத்தின் வறுமையைப் போக்க ஆணைக்குழு அமைத்த அதே காலத்தில், அப்பிரதேசத்து வறியோரில் ஒரு பெருந்தொகையினர் அரசின் கணக்கினின்றே நீக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மலைநாட்டின் எதிர்காலம் பற்றிய திட்டம் எதுவாயினும், அதில் வாழ்வோர் யார் என்பதே தீராத வினாவாக இருந்தது.

சுவீடிய பொருளியலறிஞர் குன்னார் மிர்டால், வளர்ந்த பகுதி மேலும் வளர்வதும் தளர்ந்த பகுதி மேலும் தளர்வதும் சந்தையின் இயல்பு என 1957இல் வெளியிட்ட நூலிலே விளக்கினார். செல்வமுள்ள இடம் அயலூரின் உழைப்பையும் பணத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும் என்பது அவர்தம் கருத்து. அவரும் இலங்கைத் தேசிய திட்டச் சபைக்கு ஆலோசனை கூற வந்த அறிஞருள் ஒருவராவர். எனினும் அச்சபை 1959இல் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், விவசாயம், கைத்தொழில், மின்வலு எனத் துறைவாரியாக வகுக்கப்பெற்றதேயன்றிப் பிரதேசவாரியாக வகுக்கப்பெறவில்லை.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் என்றும், நெற்காணிக்கு 25 ஏக்கர் என்றும் உச்சவரம்பு விதித்தது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1840இல் தொடங்கிய அநீதி இதனால் நேராகும் எனப் பலர் நம்பினர். ஆனால் காணி கிராமவாசிக்குப் பகிரப்பட்ட இடங்களில், அதில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் வேலையும் இருப்பிடமும் இழக்க நேர்ந்தது. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் ஏறக்குறைய 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிரும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் உயிர் துறந்தார். ஒரு வறியவனின் குறையை மற்றொரு வறியவனின் இழப்பினால் நிரப்ப முனையும் திட்டம், சமனின்மையை இடம் மாற்றுமேயன்றி நீக்காது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இக்காலத்திலேயே மகாவலித் திட்டமும் தும்பறையை வந்தடைந்தது. 1976இற் குண்டசாலைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் அணை அமைக்கப்பட்டு, ஆற்றுநீர் சுரங்கவழியே உக்குவளைக்கும் அப்பால் வடமத்திய மாகாணக் குளங்களுக்கும் திருப்பப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கென வகுத்த பெருந்திட்டம் 1977இன் பின்னர் விரைவுபடுத்தப்பட்டது. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பெற்ற விக்டோரியா அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமும் 210 மெகாவாற்று மின்வலுவும் கொண்ட அவ்வணையின் நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகரும், ஆற்றோரத்து வளமிக்க வயல்களும், கொக்கோத் தோட்டங்களும் மறைந்தன. இடம்பெயர்ந்த பல்லாயிரவருட் சிலர் உலர் வலயத்திலே இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் பெற்றுச் சென்றனர். ஏனையோர் அயலிலுள்ள தோட்டக் காணிகளிற் சிறு துண்டுகளில் அமர்ந்தனர். நாடு மின்னும் நெல்லும் பெற்றது. அதற்கு விலையாகத் தும்பறை தன் நெல்வயலைக் கொடுத்தது. ஒரு பிரதேசத்தின் வறுமை தீர்க்க வேறொரு பிரதேசம் இழக்க நேரிடுமாயின், அவ்விழப்பும் திட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்னும் பாடத்தை இப்பள்ளத்தாக்கு கற்பிக்கின்றது.

மகாவலி, சுதந்திர வர்த்தக வலயம் போன்ற பெருந்திட்டங்களின் பயன் எட்டாத மாவட்டங்கள் பின்தங்கிவிடும் என்பதை அரசு உணராமலில்லை. அதனாலேயே ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டம் 1979இல் உலக வங்கியின் உதவியுடன் குருநாகலில் தொடங்கப்பட்டது. அம்பாந்தோட்டைக்கு நோர்வேயும், மாத்தறைக்குச் சுவீடனும், நுவரெலியாவுக்கு நெதர்லாந்தும் உதவின. சிறு குளம் திருத்தல், கிளைத்தெரு அமைத்தல், குடிநீர், கடன் வசதி ஆகியவற்றை ஒரே மாவட்டத்தில் ஒருங்கே செய்தல் இதன் சிறப்பு. 1974இற் புகுத்தப்பட்ட பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டமும், 1987ஆம் ஆண்டின் மாகாண சபை அமைப்பும் முடிவுகளைக் கொழும்பினின்றும் ஓரளவு வெளியே கொணர்ந்தன.

எனினும் மாவட்டம் என்னும் அளவுகோல் உண்மையை முற்றும் காட்டுவதில்லை. குண்டசாலைப் பிரதேசம் இதற்கு நல்ல உதாரணமாகும். பல்லேகலையிற் கைத்தொழில் வலயமும், மாகாண நிருவாகக் கட்டடங்களும், 2009இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானமும் உள்ளன. குண்டசாலையில் விவசாயப் பாடசாலை இயங்குகின்றது. கண்டி நகரின் பெருக்கம் பெருந்தெரு ஓரத்துக் காணியின் விலையை உயர்த்தியுள்ளது. ஆனால் அப்பெருந்தெருவினின்று விலகிச் சாரலேறினால் லயங்களும் ஒடுங்கிய கிராமங்களும் இன்னும் உள. தோட்டப் பகுதியிற் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுதற்கு இருந்த சட்டத்தடை 2018இலேதான் திருத்தப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் 2003இலேதான் நிறைவேறியது. அதுவரை, கிராமத் தெரு தோட்ட எல்லையை அடைந்ததும் நின்றுவிடுவது இயல்பாகவே கருதப்பட்டது.

மேற்கூறியவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்து, மலைநாட்டுக் கிராமங்களின் வறுமைக்கு மண்ணோ மழையோ காரணமன்று என்பதும், சட்டத்தாலும் விற்பனையாலும் அது உண்டாக்கப்பட்டது என்பதும் தெளிவாம். மனிதர் ஆக்கியதை மனிதரே திருத்தல் கூடும். அங்ஙனம் திருத்த வந்த திட்டங்கள் பயன் தந்த இடங்களும் உள. ஒரு தெருவால் ஒரு சிறுவன் கல்லூரியை அடைந்தான் என்றால் அதனைச் சிறிதென இகழ்தல் தகாது. ஆயினும் நிலத்தைத் தொடாது தெருவை மட்டும் அமைத்த திட்டமும், ஒரு கூட்டத்தாரை எண்ணி மற்றொரு கூட்டத்தாரை எண்ணாது விட்ட திட்டமும் பாதி வழியிலே நின்றுபோயின. பிரதேசங்களுக்கிடையே உள்ள சமனின்மையைப் போக்க முற்படும் அரசு, அப்பிரதேசத்துள் வாழ்வோர் அனைவரையும் முதலில் எண்ணிக் கொள்ளல் வேண்டும். இன்று இக்கல்லூரியிற் பயில்வோருள் நாளை கச்சேரியிலும் மாகாண சபையிலும் திட்டம் வகுக்கப்போவோர் சிலர் இருப்பர். அவர்கள் ஒரு கிராமத்தின் படத்தை மேசைமீது விரிக்கும்போது, அதன் ஓரத்திலே வெற்றிடமாக விடப்பட்ட தோட்டத்தையும் பெயர் குறித்து வரைந்துகொள்வாராக.