புழுங்கல் அரிசியின் சாட்சியம்

பாரம்பரிய உணவைப் பற்றி நம் காலத்தில் நிகழும் உரையாடல்களில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. முன்னோர் எல்லாவற்றையும் அறிந்தே செய்தனர் என்பது ஒன்று. அவையெல்லாம் வறுமையின் பழக்கங்கள், அவற்றில் அறிவென்று ஏதுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் வெளியே நின்று, ஒரு சாதாரண அடுப்படி வழக்கம் மருத்துவ வரலாற்றில் சாட்சியாக நின்ற கதையை நாம் இங்கு நினைவுகூர விரும்புகிறோம். அவ்வழக்கம் நெல்லை அவித்துக் குத்துவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூன், பாங்காக், சைகோன் ஆகிய துறைமுக நகரங்களில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகின. உமியை மட்டுமல்லாமல் தவிட்டையும் முளையையும் முற்றாக நீக்கி, முத்துப்போல் வெளுத்த அரிசியை அவை மலிவாகத் தந்தன. தவிட்டில் எண்ணெய் உண்டு. அது நாளடைவில் காறிவிடும். தீட்டிய அரிசிக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே கப்பலிலும் கிடங்கிலும் அதுவே விரும்பப்பட்டது. சிறை, படைமுகாம், சுரங்கம், தோட்டம் எனப் பெருந்திரளாக மனிதர்களை அடைத்துவைத்து உணவிட்ட இடங்களுக்கெல்லாம் அது சென்றது. அதன் பின்னாலேயே பெரிபெரி என்னும் நோயும் சென்றது. கால்கள் மரத்துப்போகும் அல்லது வீங்கும், நடை தளரும், முடிவில் இதயம் ஓயும்.

டச்சு ஆட்சியின்கீழ் இருந்த ஜாவாவில் இந்நோயை ஆராய்ந்த கிறிஸ்தியான் எய்க்மன் முதலில் தேடியது கிருமியைத்தான். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. பின்னர் தாமாகவே தேறின. இராணுவ மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச்சோறு சில காலம் கோழிகளுக்குப் போடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் படையினருக்கான அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும் பிறகு தெரியவந்தன. தொடர்ந்து அடோல்ஃப் வோர்டர்மன் ஜாவாவின் நூறு சிறைகளுக்கு மேல் விவரம் திரட்டி, தீட்டிய அரிசி உண்ட சிறைகளில்தான் பெரிபெரி மிகுந்திருந்தது என்று 1897-இல் வெளியிட்டார். 1901-இல் கெரிட் கிரெய்ன்ஸ், தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று உள்ளது என்னும் சரியான விளக்கத்தை முன்வைத்தார்.

இக்கதையில் தமிழர்கள் நுழைவது மலாயாவில். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன், ஒரே நிலத்தில் வாழ்ந்த மூன்று மக்கள் கூட்டத்தாரை ஒப்பிட்டார். சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக இறந்தனர். தம் வயல் நெல்லை வீட்டிலேயே குத்தி உண்ட மலாய்க் கிராமத்தாரிடம் நோய் அரிது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களும் பெரும்பாலும் தப்பினர். அரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது, அவித்தல் அதைத் தடுக்கிறது என்று பிராடன் கருதியது தவறு. ஆனால் அவர் கண்ட வேறுபாடு உண்மையானது.

அதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905-இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில், உள்ளிருந்தோரை ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் அரிசியும் மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் அளித்தார். இடம் காரணமாக இருக்கலாமோ என்று ஐயுற்று, இடையில் இரு குழுவினரின் தங்குமிடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டது இருவரிடம் மட்டுமே. அவர்களும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். தாம் உட்படுத்தப்படுவது ஒரு சோதனை என்று அறியவும் மறுக்கவும் இயலாத மனிதர்கள் அவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அடுத்த சில ஆண்டுகளில் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் காட்டில் சாலை அமைத்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வும் இதையே உறுதிசெய்தது.

காரணம் பின்னரே துலங்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள, நீரில் கரையும் சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. மாவுப்பொருள் இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. எனவே பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு எஞ்சுகிறது. அச்சத்து தயமின், அதாவது வைட்டமின் பி1. 1926-இல் யான்சனும் டோனத்தும் ஜாவாவில் அதைப் பிரித்தெடுத்தனர். 1936-இல் அதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் 1886-இல் பிறந்தவர் என்பது சுவையான தற்செயல். ஏனெனில் அதே மாகாணத்தின் வடகடலோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே, பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் உண்ட தென்மாவட்டங்கள் அதை அதிகம் அறியவில்லை. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மக்காரிசனும், அவருக்குப்பின் அய்க்ராய்டும் இதை விரிவாக ஆராய்ந்தனர். அரிசியைப் பலமுறை களைவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எவ்வளவு சத்து வீணாகிறது என்பதும் அங்கு அளக்கப்பட்டது.

நம் மக்கள் இதை அறிந்துதான் நெல்லை அவித்தார்களா? அப்படிச் சொல்ல நமக்குச் சான்றில்லை. அவித்த நெல்லின் உமி எளிதில் கழலும். குத்தும்போது நொய் குறையும். அரிசி நெடுநாள் கெடாது. இவையே போதுமான காரணங்கள். மேலும், புழுங்கல் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது என்பதால் சடங்குகளுக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது. பச்சரிசியே தூயது, உயர்ந்தது என எண்ணப்பட்டது. தாழ்வாகக் கருதப்பட்ட அரிசிதான் உழைப்பாளிகளைக் காத்தது. ஆனால் எதிலிருந்து? பெரிபெரியிலிருந்து மட்டும். மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியான தமிழர்கள் ஏராளம். நல்ல அரிசி கூலியை உயர்த்தவில்லை, குடியிருப்பைச் சீராக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. முதல் நாள் ஊறவைத்து, விடியலில் அண்டாவில் அவித்து, களத்தில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து எடுத்தவர்கள் பெண்கள். கலித்தொகையிலேயே வள்ளைப்பாட்டைக் காண்கிறோம். உலக்கைக்குப் பாட்டுத் தேவைப்பட்டது அந்த உழைப்பின் கடுமையால்தான் என்று தோன்றுகிறது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து, கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். சத்து அவருடைய ஒரு வாதம். குத்துக்கூலியால் பிழைத்த ஏழைப் பெண்களின் வாழ்வு மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. எனினும், தம் வீட்டுக்கே கூலியின்றிக் குத்திய பெண்ணுக்கு ஆலை ஒரு விடுதலையாகவே வந்தது. ஆலை வந்ததும் உரலைத் திண்ணையோரம் சாய்த்துவைத்த பாட்டிமாரை நாம் குறைகூற முடியாது.

ஆகவே முழுத்தானிய உணவுக்குத் திரும்புவோம் என்று சொல்லும்போது, எதற்குத் திரும்புகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. உரலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. உமியை மட்டும் நீக்கித் தவிட்டைக் காக்கும் இயந்திரங்கள் இன்று உண்டு. தவிடு நீங்காத அரிசியை வேண்டிய அளவே வாங்கி, சில மணி நேரம் ஊறவைத்து, அளந்த நீரில் வேகவைத்தால் போதும். வடித்தால் கஞ்சியை உப்பிட்டுக் குடித்துவிடலாம். உடன் பருப்பும் கீரையும் இருந்தால், தட்டில் உள்ளதெல்லாம் சோறாகவே இருக்கும் அபாயம் நீங்கும். பெரிபெரியின் வேர், தீட்டிய அரிசி மட்டுமன்று. அதைத் தவிர வேறெதுவும் வாங்க இயலாத ஏழ்மையும்தான். ஆலைக்கூலி குறைவாகத் தேவைப்படும் இந்த அரிசி, நகரக் கடைகளில் வெள்ளை அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுவதைக் காணும்போது, அந்தப் பழைய கேள்வி இன்னும் தீரவில்லை என்றே நமக்குப் படுகிறது.