மறைநூல் தேடலில் மொழி மாதிரிகள்

ஒரு கருத்து மறைநூலில் எங்கெங்கு வருகிறது என்று கண்டறியவும் அதற்குப் பொருள் கேட்கவும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைப் பயன்படுத்தும் வழக்கம், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் பரவலாயிற்று. விவிலியம், குர்ஆன், பகவத் கீதை ஆகியவற்றுக்கெனத் தனிச் செயலிகள் உள்ளன. தேடுவதும் விளக்குவதும் இவற்றில் ஒரே விடைக்குள் கலந்துவிடுகின்றன. இத்துறையின் நன்மையும் ஆபத்தும் இந்தக் கலப்பிலிருந்தே பிறக்கின்றன.

முன்னோடிகள்

இலத்தீன் விவிலியத்தில் சொற்கள் வரும் இடங்களைக் காட்டும் சொல்லடைவை 13-ஆம் நூற்றாண்டில் பாரிசில் டொமினிக்கன் துறவிகள் தொகுத்தனர். 1949-இல் இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா, இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் நூல்களுக்குச் சொல்லடைவு உருவாக்க ஐபிஎம் நிறுவனத்தின் துணையை நாடினார். துளை அட்டைகளில் தொடங்கிய அப்பணி பின்னர் 56 தொகுதிகளாக அச்சேறியது. யூத மார்க்கத் தீர்ப்புரைகளைக் கணினியில் தேடும் ரெஸ்பான்சா திட்டம் 1960-களில் இஸ்ரேலில் தொடங்கியது. இவை யாவும் சொல் இருக்கும் இடத்தைக் காட்டின. பொருள் கொள்வதை வாசகரிடமே விட்டன.

செயல்படும் முறை

இன்றைய செயலிகளில் வசனங்கள் ஒவ்வொன்றும் எண்வரிசையாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. பொருளால் நெருங்கியவற்றின் எண்வரிசைகளும் நெருங்கியிருக்கும். ஆகவே ‘கோபம்’ என்று கேட்டாலும் ‘சினம்’, ‘வெகுளி’ வரும் இடங்கள் அகப்படுகின்றன. அவ்வாறு எடுத்த வசனங்களை வைத்து மாதிரி விடை எழுதுகிறது. மூலத்தைத் தேடி எடுக்காமல் பயிற்சியில் பதிந்ததைக் கொண்டே எழுதும்போது, இல்லாத வசனத்துக்கு எண் கொடுப்பதும் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளை ஒன்றாக்குவதும் நேர்கின்றன. மூலத்தைக் கொடுத்தாலும் பிழை குறையுமே தவிர முற்றும் நீங்காது.

விளக்கத்தின் சிக்கல்

கீதையின் 700 சுலோகங்களுக்குச் சங்கரர், இராமானுசர், மத்துவர் மூவரும் மூன்று தத்துவ நிலைகளிலிருந்து உரை கண்டனர். எவர் உரையைப் பின்பற்றுகிறது என்று சொல்லாத விடை, ஒரு மரபின் கருத்தை நூலின் கருத்தாகவே காட்டிவிடும். 2023-இல் இந்தியாவில் கீதை உரையாடல் செயலிகள் பல வெளிவந்தன. கண்ணனின் குரலில் பேசிய அவற்றுள் சில, தர்மத்தைக் காக்கக் கொல்வது தவறில்லை என்று விடையளித்ததை இதழாளர்கள் வெளிப்படுத்தினர். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘கத்தோலிக் ஆன்சர்ஸ்’ அமைப்பு ‘ஃபாதர் ஜஸ்டின்’ என்னும் செயலியைக் குருவானவர் உருவில் வெளியிட்டது. அது தன்னை மெய்யான குரு என்றே கூறியதால் கண்டனம் எழுந்தது. சில நாள்களிலேயே குருத்துவப் பட்டமும் உடையும் நீக்கப்பட்டன.

தமிழ் மறைநூல்கள்

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வழியாகத் தேவாரம், நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முதலியன மின்னூல்களாகக் கிடைக்கின்றன. ஆயினும் தேடலுக்கு யாப்பே ஒரு தடை. சீர் பிரித்து அச்சிட்ட பாடலில் ஒரு சொல்லின் முற்பகுதி ஒரு சீரிலும் பிற்பகுதி அடுத்த சீரிலும் நிற்கும். புணர்ச்சியில் எழுத்தும் திரியும். எனவே பதம் பிரித்த பாடமும் மூலப் பாடமும் இணைந்த தரவு தேவை. உரைகளுக்கும் அதே கவனம் வேண்டும். திவ்வியப் பிரபந்தத்தின் பகுதியான திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதல் ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை ஐந்து வியாக்கியானங்கள் உண்டு. தமிழும் வடமொழியும் கலந்த அவற்றின் மணிப்பிரவாள நடை இன்றைய தமிழிலிருந்து வெகுவாக வேறுபட்டது.

நம்பகத்தின் அளவுகோல்கள்

நல்ல செயலி, மூல வசனத்தை முழுமையாகவும் வசன எண்ணோடும் முதலில் காட்டும். மொழிபெயர்ப்பாளர், உரையாசிரியர் பெயர்களைத் தரும். உரைகள் முரண்படும் இடத்தில் முரணை மறைக்காது. தெய்வத்தின் குரலிலோ குருவின் பெயரிலோ பேசாது. உரையாசிரியர் தம் பெயராலும் மரபாலும் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார். மொழி மாதிரி அப்படிப் பொறுப்பேற்க இயலாது. ஆதலால் அதன் தகுந்த இடம் தேடல் துணையே. பொருள் தெளிய மூலத்தையும் உரையையும் கற்றவரையும் நாடுவதே முறை.