மலையேறும் மூச்சு

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் என் தம்பியின் மகன் அண்மையில் தொலைபேசியில் கேட்டான்: "பெரியப்பா, என் பழைய கார் மேட்டில் திணறுகிறது. நைட்ரஸ் பூட்டுவதா, டர்போ பூட்டுவதா?" கலைப் பட்டதாரியான எனக்கு விடை சரித்திரத்தில்தான் கிடைத்தது.

கண்டிக்கான புகையிரதப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. கேகாலை மாவட்டத்து றம்புக்கணையில்தான் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. தொடர்ந்து உயரும் பாதை. நீராவிக் காலத்தில் இங்கே வண்டிக்கு இன்னோர் இயந்திரத்தையும் பூட்டுவார்கள் என்றும், ஏற்றம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள் என்றும் என் தந்தையார் சொல்வார். 1975இல் கனடாவின் மொன்றியல் தொழிற்சாலையிலிருந்து எம்-4 டீசல் இயந்திரங்கள் வந்தன. 1750 குதிரைவலு கொண்ட அவை டர்போ பொருத்தியவை. லயத்தில் படுத்தபடி நான் கேட்டு வளர்ந்தது அவற்றின் மூச்சை.

எரிபொருள் எரிய ஒட்சிசன் வேண்டும். எடைக்கணக்கில் காற்றில் அது 23 சதவீதம். நைட்ரஸ் ஒக்சைட்டில் 36 சதவீதம். ஆங்கில விஞ்ஞானி பிரீஸ்ட்லி 1772இல் கண்டறிந்த இந்தச் 'சிரிப்பு வாயு'வை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியர் உயரப் பறக்கும் போர்விமானங்களின் இயந்திரங்களில் செலுத்தினர். போத்தலில் வாயு உள்ளவரையே அந்த வேகம். கூடுதல் வாயுவுக்கேற்ற எரிபொருள் சேராவிட்டால் பிஸ்டனே உருகிவிடும்.

டர்போவின் கதை வேறு. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் புகையே ஒரு சில்லைச் சுழற்றுகிறது. அச்சில்லோடு இணைந்த மற்றொன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. தனியே வாயு வாங்க வேண்டியதில்லை. ஆனால் வெப்பமும் அழுத்தமும் கூடும். அவற்றைத் தாங்கும் உறுதி இயந்திரத்துக்கு வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் புரியும்படி சொன்னேன்: "நைட்ரஸ் என்பது தீபாவளி முற்பணம், தம்பி. கையில் வந்த அன்று பெரிதாகத் தெரியும். மறுநாளும் மேடு அங்கேயேதான் இருக்கும். பந்தயக்காரனுக்கு அது போதும். நாளும் மலையேறுகிறவனுக்கு டர்போதான். ஆனால் உன் பழைய இயந்திரம் அதைத் தாங்குமா என்று முதலில் பார். தாங்காதென்றால் இரண்டும் வேண்டாம்; கியரைக் குறைத்து மெதுவாக ஏறு."

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அப்பாவும் இதைத்தான் சொன்னார்" என்றான்.